ஐஸ் தண்ணீரும் மண்ணீரலும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

குவாங்சோவில் சீன மருத்துவமும் அக்குபங்சரும் பயின்று, அங்கேயே சில ஆண்டுகள் மருத்துவம் பார்த்த நமது பகுதியின் மருத்துவர், இம்மாதம் குளிர்பானம் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறார்.

கேள்வி: ஷென்சென் நகரில் ஒரு மின்னணு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஐஸ் போட்ட தண்ணீரோ பழச்சாறோ குடித்தால் கால் மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசைகிறது. சில நாட்கள் கழிப்பறைக்கு ஓடவும் வேண்டியிருக்கிறது. வெந்நீர் ஒன்றும் செய்வதில்லை. உடன் வேலை செய்யும் சீன நண்பர்கள், 'உன் மண்ணீரல் குளிர்ந்து கிடக்கிறது' என்கிறார்கள். ஸ்கேன் எடுத்தால் மண்ணீரல் நன்றாக இருக்கிறது என்கிறார் மருத்துவர். யாரை நம்புவது?
– பொறியாளர், ஷென்சென்

பதில்: இரண்டு பேரையும் நம்பலாம், தம்பி. ஸ்கேனில் தெரிந்தது இடப்பக்க விலாவுக்குள் ஒதுங்கியிருந்து பழைய இரத்த அணுக்களைக் கழித்துக்கட்டும் உறுப்பு. உங்கள் நண்பர்கள் சொல்லும் மண்ணீரல் எந்த ஸ்கேனிலும் தெரியாது. உண்டதைச் சத்தாக மாற்றி உடம்பு முழுக்க அனுப்பிவைக்கும் வேலை மொத்தத்தையும் சீன மருத்துவம் அதன் கணக்கில் எழுதியிருக்கிறது. இரைப்பை வாங்கிக்கொள்ளும், கீழே தள்ளும். மண்ணீரல் சாரத்தைப் பிரித்து மேலே ஏற்றும். கீழே போக வேண்டியது மேலே வந்தால் ஏப்பம், குமட்டல், வாந்தி. மேலே போக வேண்டியது கீழே நழுவினால் உப்புசம், வயிற்றுப்போக்கு, சாப்பிட்ட பிறகு வரும் அசதி.

இந்த வேலைக்குச் சூடு வேண்டும். பழைய சீன மருத்துவர்கள் இரைப்பையை அடுப்பில் ஏற்றிய பானையாகவே பார்த்தார்கள். பானைக்கு அடியில் எரிவது மண்ணீரலின் யாங், அதாவது சூடும் இயக்கமும் தரும் ஆற்றல். அந்த அடுப்புக்கு விறகு வருவது இன்னும் ஆழத்திலிருக்கும் சிறுநீரகத்தின் யாங்கிலிருந்து. கொதிக்கிற பானையில் ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரை ஊற்றினால் தீ நன்றாக இருக்கிற வீட்டில் சற்று நேரத்தில் மறுபடி கொதி வந்துவிடும். விறகு ஏற்கெனவே ஈரமாக இருக்கிற வீட்டில் அப்படியே அடங்கிப்போகும். வேகாத தண்ணீர் 'ஈரம்' என்ற நோய்க்காரணமாக உடம்பில் தங்கும். மலம் இளகும், கை கால் கனக்கும், தலை பஞ்சு அடைத்தது போல் இருக்கும். மண்ணீரலுக்கு உலர்ந்த இடம்தான் பிடிக்கும், ஈரம் ஆகாது. இரைப்பைக்கு நேர்மாறாக ஈரப்பதம் வேண்டும், வறட்சி ஆகாது. ஒரே அடுக்களையில் இப்படி இரண்டு பேர். சீன மருத்துவத்தில் செரிமானச் சிகிச்சையின் பாதிச் சிக்கல் இதிலிருந்துதான் வருகிறது.

இவ்வளவு முக்கியத்துவத்தை வயிற்றுக்கு வாங்கிக் கொடுத்தவர் லி காவ் (1180–1251). லி தோங்யுவான் என்றால் சீனர்களுக்கு உடனே தெரியும். ஜின் வம்சம் வீழ்ந்த காலத்து மனிதர். 1232-ல் கைஃபெங் நகரம் மங்கோலியப் படைகளால் முற்றுகையிடப்பட்டபோது, முற்றுகை விலகியபின் மக்கள் கொத்துக்கொத்தாகச் செத்ததைப் பார்த்தார். மற்ற மருத்துவர்கள் வெளியிலிருந்து வந்த நோய் என்று அதற்கேற்ற மருந்து கொடுக்க, பசியும் பயமும் ஓயாத உழைப்பும் மண்ணீரலையும் இரைப்பையையும் உள்ளிருந்தே சிதைத்துவிட்டன என்று வாதாடினார் இவர். வயிற்றைக் காப்பாற்றினால் மற்றவை தாமே நிற்கும் என்பது அவர் கொள்கை. உங்கள் நண்பர்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்காது. பாட்டி சொன்னதைச் சொல்கிறார்கள். பாட்டிக்கு வந்த வழி இது.

இனி உங்களுக்கு. குளிர் வகை வயிறு என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சில அடையாளங்கள் வேண்டும். வலிக்கும்போது உள்ளங்கையை வைத்து அழுத்தினால், அல்லது வெந்நீர்ப் பையை வைத்தால் இதமாக இருக்கிறதா? தாகம் அதிகம் இல்லாமல், குடித்தாலும் சூடாகக் குடிக்கவே மனம் போகிறதா? கை கால் சில்லிட்டிருக்கின்றனவா? கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டுங்கள். வெளிறி, சற்று வீங்கி, ஓரங்களில் பல் பதிந்த தடத்தோடு, மேலே வெண்மையான வழுக்கும் படலம் இருந்தால் நண்பர்கள் சொன்னது சரி. நாக்கைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் எல்லா நாக்கும் நோயாளி நாக்குதான். காபி குடித்துவிட்டோ நாக்கை வழித்துவிட்டோ பார்க்காதீர்கள்.

குவாங்சோ மருத்துவமனையில் என் ஆசிரியர் நோயாளியின் நாற்காலியை ஜன்னலோரம் போட்டு வைத்திருந்தது இதற்காகத்தான். ஒரு கோடைக்காலக் காலையில் ஓர் இளைஞன் ஐஸ் மிதக்கும் பால் தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்தான். புகார், உங்களுடையதேதான். ஆசிரியர் கோப்பையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாக்கைப் பார்த்தார். படுக்க வைத்து, தொப்புளுக்கு மேலே உள்ளங்கையை மெதுவாக அழுத்தினார். முறுக்கிக்கொண்டிருந்த பையனின் முகம் தளர்ந்தது. சுக்கு, ஜின்செங், பாய்ஜூ என்ற கிழங்கு, வறுத்த அதிமதுரம் என்று எழுதிக்கொடுத்து அனுப்பினார். அடுத்து வந்த பெண்ணும் குளிர்ந்தது குடித்தால் வயிறு கெடுகிறது என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் நெஞ்செரிச்சல், வாய்க்கசப்பு, நாக்கில் மஞ்சள் படலம், கூடவே இளகிய மலம். மேலே வெப்பம், கீழே குளிர். அவருக்குக் கசப்பும் குளிர்ச்சியுமான ஹுவாங்லியன் வேரையும் சூடான சுக்கையும் ஒரே கஷாயத்தில் சேர்த்து எழுதினார். இந்தச் சேர்க்கை கிழக்கு ஹான் வம்சத்தின் கடைசிக் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் வகுத்தது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. அன்று அந்த இரண்டு பேரில் ஒருவர் மருந்தை மற்றவருக்குக் கொடுத்திருந்தால் இரண்டு பேரும் திட்டியிருப்பார்கள்.

ஆகவே 'ஐஸ் கெடுதல்' என்று சீன மருத்துவம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில்லை. யாருடைய வயிற்றுக்கு என்றுதான் முதலில் கேட்கும். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் குளிர் வகை என்றே தோன்றுகிறது. ஐஸை நிறுத்துங்கள். வெறும் வயிற்றில் பழச்சாறு வேண்டாம். காலையில் வட சீனர்கள் வயிற்றுக்கு நல்லது என்று சாப்பிடும் தினைக் கஞ்சியோ, ஷான்யாவ் என்ற வள்ளிக்கிழங்கு வகை போட்ட அரிசிக் கஞ்சியோ சூடாகச் சாப்பிடுங்கள். இரண்டும் உங்கள் அலுவலக உணவகத்திலேயே கிடைக்கலாம். மூன்று நான்கு வாரத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் நேரில் நாடி பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் போங்கள்.

ஒன்றை மட்டும் நீங்களே சோதிக்கலாம். தண்ணீர், பழச்சாறு தவிர ஐஸ் போட்ட பால் தேநீரும் குடிப்பதுண்டா? பெரியவர்களான பிறகு பாலின் லாக்டோஸைச் செரிக்கும் நொதி பலருக்குக் குறைந்துவிடும். ஐஸ் இல்லாத பாலும் அதே வேலையைச் செய்தால் குற்றவாளி குளிர் அல்ல.

கேள்வி: ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன் நான். உடம்பின் வெப்பம் 37 டிகிரி. உள்ளே போன தண்ணீர் தானே சூடாகிவிடும். இதற்கு அடுப்பு, விறகு என்று கதை கட்டுவது அறிவியலா?

பதில்: கதை என்றே வைத்துக்கொள்வோம் ஐயா. உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 5 டிகிரியில் இருக்கும் 300 மில்லி தண்ணீரை 37 டிகிரிக்குக் கொண்டுவர 9,600 கலோரி, அதாவது உணவுப் பொட்டலத்தில் எழுதும் கணக்கில் பத்துக்கும் குறைவான கிலோ கலோரி. ஒரு வாய்ச் சோற்றில் அதைவிட அதிகம் கிடைக்கும். உடம்பின் வெப்பம் இதனால் வற்றிப்போகும் என்று யாராவது சொன்னால் உங்களோடு சேர்ந்து நானும் சிரிப்பேன்.

ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வெப்பத்தின் அளவு பற்றியதல்ல, நரம்பு பற்றியது. குளிர்ந்த பானம் இரைப்பையில் உடல் வெப்பத்தை எட்ட 20 முதல் 30 நிமிடங்கள் ஆகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். தொடக்கத்தில் இரைப்பை அதை வெளியேற்றும் வேகமும் குறைகிறது. இந்த இடைவெளியில்தான் வலிக்கிறவனுக்கு வலிக்கிறது. குளிரை உணர உடம்பில் டி.ஆர்.பி.எம்.8 என்ற புரதம் உண்டு. ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே போனால் விழித்துக்கொள்ளும். புதினாவின் மெந்தால் பட்டாலும் விழிக்கும். மிட்டாய் குளிர்வது அதனால்தான். செரிமானப் பாதையின் நரம்புகளிலும் இது இருக்கிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் வெப்பம், தொடுதல் உணர்விகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2021-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

குடல் எரிச்சல் நோய் (ஐ.பி.எஸ்.) உள்ளவர்களுக்குக் குளிர்ந்த நீர் கொடுத்துச் சோதித்தபோது, அவர்களுடைய குடல் வலியை உணரும் எல்லை தாழ்ந்தது. அதாவது மற்றவர்களுக்கு உறைக்காத அசைவு இவர்களுக்கு வலியாகத் தெரிகிறது. குடித்த கையோடு கழிப்பறைக்கு ஓடுவதற்கும் காரணம் உண்டு. இரைப்பையில் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் சுருங்கும். எல்லோருக்கும் உள்ள அனிச்சைச் செயல்தான் இது. உணர்ச்சி மிகுந்த குடலில் கொஞ்சம் அதிகமாகவே நடக்கிறது. அப்போது வெளியேறுவது இப்போது குடித்த தண்ணீர் அல்ல, நேற்றைய சாப்பாடு.

ஆக, சிலருக்குக் குளிர் ஆகாது என்பதைச் சீன மருத்துவர்கள் நரம்பியல் தெரியாமலே கவனித்துவிட்டார்கள். காரணமாகச் சொன்னது அடுப்பு. காரணத்தை நீங்கள் தள்ளுபடி செய்யலாம். கவனித்ததைத் தள்ளாதீர்கள்.

கேள்வி: குவாங்சோவுக்குச் சுற்றுலா போனபோது தெருவோரக் கடையில் 'குளிர்ச்சித் தேநீர்' என்று ஒரு கறுப்புத் திரவம் கொடுத்தார்கள். கசப்பு தாங்கவில்லை. அதைவிட ஆச்சரியம், சூடாக இருந்தது! ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லையம்மா, அது லியாங்சா. அதன் செய்முறைகள் 2006-லேயே சீன தேசிய மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டன. நன்றாகத்தான் ஏமாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக் கொட்டியிருந்தால் காசு வீண்.

சீன மருத்துவம் உணவைத் தொட்டுப் பார்த்துத் தரம் பிரிப்பதில்லை. தின்ற பிறகு உடம்பில் என்ன செய்கிறது என்பதை வைத்துக் கடுங்குளிர்ச்சி, குளிர்ச்சி, நடுநிலை, இளஞ்சூடு, கடுஞ்சூடு என்று பிரிக்கிறது. லியாங்சாவின் மூலிகைகள் குளிர்ச்சி. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு குடித்தாலும் குளிர்ச்சி. தர்பூசணியை வெயிலில் வைத்துச் சாப்பிட்டாலும் கடுங்குளிர்ச்சி. நண்டும் அப்படித்தான். அதனால்தான் ஷாங்காய்ப் பக்கம் இலையுதிர் காலத்தில் நண்டு வேகவைத்தால் இஞ்சி நறுக்கிப் போட்ட வினிகரும், சூடாக்கிய ஷாவ்சிங் அரிசி மதுவும் கூடவே வந்துவிடும். பச்சைத் தேநீர் குளிர்ச்சிப் பக்கம், நன்கு புளிக்கவைத்த கறுப்புத் தேநீர் சூட்டுப் பக்கம்.

இதில் ஒரு பயன் இருக்கிறது. 'நான் ஐஸையே தொடுவதில்லை, ஆனாலும் வயிறு சரியில்லை' என்று வருபவர்களிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், காலையில் கீரைச் சாறு, மதியம் பச்சைக் காய்கறிக் கலவை, இரவில் தர்பூசணி என்பார்கள். குளிர்சாதனப் பெட்டியை மூடிவைத்துவிட்டு அதே குளிர்ச்சியை வேறு வாசல் வழியாக உள்ளே விடுகிறார்கள். லியாங்சாவும் அப்படியே. குவாங்டோங் மாகாணத்தின் புழுக்கத்தில் உடம்பு சூடேறித் தொண்டை கட்டியவருக்கு அது மருந்து. மேலே எழுதிய ஷென்சென் பொறியாளர் தினமும் குடித்தால் வயிறு இன்னும் மோசமாகும்.

கேள்வி: எனக்கு எல்லாம் தலைகீழ். ஐஸ் இல்லாமல் இருக்க முடியவில்லை. ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்கிறேன். ஈறு வீக்கம், வாய் நாற்றம், மலச்சிக்கல். வெந்நீர் குடித்தே ஆக வேண்டும் என்று அக்குபங்சர் படித்த என் நாத்தனார் வற்புறுத்துகிறார். குடிக்கட்டுமா?

பதில்: வேண்டாம். நாத்தனாரிடம் பாடத்தை இன்னொரு முறை புரட்டச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பது இரைப்பை வெப்பத்தின் பாடப்புத்தக வர்ணனை. சூடானதைக் குளிர்வி, குளிர்ந்ததைச் சூடாக்கு என்பது அந்த மருத்துவத்தின் அரிச்சுவடி. பச்சைப் பயறு வேகவைத்த நீர், பாகற்காய், பேரிக்காய் போன்றவற்றை உங்களுக்குச் சொல்வார்கள். இஞ்சித் தேநீரும் மிளகாயும் ஆகாது. சாதாரணத் தண்ணீரைக் குளிர்ந்தபடியே குடியுங்கள். எவ்வளவு வெப்ப வயிறாக இருந்தாலும் உறைபனியை ஊற்றி அணைக்கச் சொல்வதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது வேறு. ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்னும் அடங்காத ஆசை இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். மாதவிடாயில் அதிகம் போகிறதா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் இந்த வாரமே பரிசோதித்துவிடுங்கள். இரும்புச்சத்து ஏறினால் ஐஸ் ஆசை தானே போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். பல் மருத்துவரையும் பாருங்கள். வீங்கிய ஈறுக்கு இரைப்பை வெப்பம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

கேள்வி: 'லிஜோங்' மாத்திரை வயிற்றுக் குளிர்ச்சிக்கு நல்லது என்று இணையத்தில் வாங்கினேன். அட்டையில் 'ஃபூஜி லிஜோங்' என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. தயவுசெய்து சாப்பிடாதீர்கள். லிஜோங்கில் நான்கு சரக்கு. மேலே அந்த இளைஞனுக்கு எழுதப்பட்டது அதுதான். ஃபூஜி சேர்ந்ததில் ஐந்தாவதாக வருவது வத்சநாபி இனத்தின் கிழங்கு. பச்சையாக அது நஞ்சு. பக்குவப்படுத்தி, நெடுநேரம் வேகவைத்துத்தான் மருந்தாக்குவார்கள். பக்குவம் பிசகினாலோ அளவு கூடினாலோ முதலில் நாக்கும் உதடும் மரத்துப்போகும், பிறகு இதயத் துடிப்பே தாறுமாறாகும். கை கால் விறைக்க, விடியற்காலையில் வயிற்றுப்போக்கு வரும் அளவுக்கு யாங் தளர்ந்தவருக்கு, பக்கத்தில் மருத்துவர் இருந்து கொடுக்க வேண்டிய மருந்து அது. இணையத்தில் தேடி எடுக்கிற சரக்கு அல்ல. கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக் கூடாது.

சாதாரண லிஜோங்கையும் நீங்களாகத் தொடர வேண்டாம். அதிலுள்ள அதிமதுரம் நெடுநாள் சாப்பிட்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். இரத்த அழுத்த மாத்திரையோ நீர்ப்பிரிப்பு மாத்திரையோ சாப்பிடுபவருக்கு இது சின்ன விஷயமல்ல.

ஒரு சுவையான செய்தி. ஜாங் ஜோங்ஜிங் லிஜோங் கஷாயத்தைக் கொடுத்தபின் சற்று நேரம் கழித்துச் சூடான கஞ்சி குடித்து, போர்வையை விலக்காமல் படுத்திருக்கச் சொன்னார். மாத்திரையை விழுங்கிவிட்டு ஐஸ் காபி குடிக்கும் நோயாளிகளை நினைக்கையில் எனக்கு அந்தக் கஞ்சிதான் ஞாபகம் வரும். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் கஞ்சிப் பகுதிதான். அதற்கு மருந்துச் சீட்டு வேண்டாம்.

கேள்வி: சீனாவில் ரயிலில், விமான நிலையத்தில், கல்லூரி விடுதியில் எங்கு பார்த்தாலும் வெந்நீர்க் குழாய். அவ்வளவு பேருக்குமா மண்ணீரல் குளிர்ந்திருக்கிறது?

பதில்: நல்ல கேள்வி. இல்லை. வெந்நீர்ப் பழக்கத்தில் மருத்துவத்துக்கு ஒரு பங்குதான். மீதி சுகாதாரமும் அரசாங்கமும். தேயிலை போட்டுக் குடிப்பவர்களுக்குக் கொதித்த நீர் முன்பே பழக்கம். ஷாங்காயில் 'புலி அடுப்பு' என்று வெந்நீர் விற்கும் கடைகளே இருந்தன. வீட்டில் விறகு செலவழிக்க முடியாதவர்கள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வாங்கி வருவார்கள். 1934-ல் தொடங்கிய புதுவாழ்வு இயக்கம் கொதித்த நீரைக் குடிக்கச் சொன்னது. 1952-ல் தொடங்கிய நாட்டுப்பற்றுச் சுகாதார இயக்கம் அதைப் பள்ளிக்கும் தொழிற்சாலைக்கும் கொண்டுபோனது. கொதித்த நீரில் காலரா, சீதபேதிக் கிருமிகள் சாகும். பாட்டியின் மண்ணீரல் ஒரு பக்கம், அரசின் சுவரொட்டி ஒரு பக்கம். இரண்டும் ஒரே பிளாஸ்க்கைக் கைகாட்டியதால் பழக்கம் வேரூன்றிவிட்டது.

இன்றைய இளைஞர்கள் அதை வைத்துக் கேலியும் செய்கிறார்கள். காய்ச்சல், காதல் தோல்வி, எதைச் சொன்னாலும் 'நிறைய வெந்நீர் குடி' என்று பதில் சொல்லும் ஆணைப் பற்றிய நகைச்சுவைக்கு அங்கே முடிவே இல்லை. ஐஸ் குச்சியும், பெய்ஜிங்கில் கோடையில் குளிரவைத்த புளிப்புப் பிளம் பானமும் அமோகமாக விற்கிற நாடும் அதேதான்.

கேள்வி: வெந்நீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? நான் கொதிக்கக் கொதிக்கத்தான் குடிப்பேன்.

பதில்: நிறுத்துங்கள். 65 டிகிரிக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்கள் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016-ல் வகைப்படுத்தியது. பாதிப்பு உணவுக்குழாய்க்கு. சீன மருத்துவத்தின் மூலநூலான ஹுவாங்தி நெய்ஜிங்கிலும், சூடானது சுடுமளவுக்குக் கூடாது, குளிர்ந்தது நடுங்குமளவுக்குக் கூடாது என்றே இருக்கிறது. முதல் பாதியை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். உதட்டில் வைத்தால் ஊதிக் குடிக்கத் தோன்றாத சூடு போதும்.

கேள்வி: கோடையில் குளிர்ச்சியாகச் சாப்பிடுவதுதானே முறை? சீனர்கள் கோடையில் இஞ்சி சாப்பிடச் சொல்கிறார்களே!

பதில்: குளிர்காலத்தில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி என்பது அங்கே பழமொழியே. கோடையில் உடம்பின் யாங் தோலுக்கு வந்துவிடும், உள்ளே வயிறு காலியாகிக் குளிர்ந்து நிற்கும் என்பது அவர்கள் கணிப்பு. அந்த நேரம் பார்த்து நாமும் ஐஸைக் கொட்டுவதால்தான் கோடையில் வயிற்றுப்போக்கு அதிகம் என்பார்கள். கோடை வயிற்றுப்போக்குக்குச் சுத்தமில்லாத ஐஸ் கட்டியும் கெட்டுப்போன உணவும் எவ்வளவு காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மதிய உணவில் இரண்டு மூன்று இஞ்சித் துண்டு கெடுதல் செய்யாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இஞ்சியை மருந்தாக அள்ளிச் சாப்பிடும் முன் தங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: மாதவிடாய் நாட்களில் குளிர்ந்தது எதுவும் கூடாது என்கிறார் என் சீன மாமியார். சாப்பிட்டால் கருப்பை கெட்டுவிடுமா?

பதில்: கெடாது. குளிர் இரத்தத்தை உறையவைத்து ஓட்டத்தைத் தடுக்கும், தடைப்பட்ட இடத்தில் வலிக்கும் என்பது சீன மருத்துவக் கொள்கை. மாமியார் அதைத்தான் சொல்கிறார். ஐஸ் கிரீம் இரைப்பைக்குத்தான் போகிறது, கருப்பைக்கு அல்ல. ஆனால் அடிவயிற்றில் வெப்ப ஒத்தடம் கொடுத்தால் மாதவிடாய் வலி தணிகிறது என்பது ஆய்வுகளில் தெரியவந்த உண்மை. அவர் கொண்டுவந்து கொடுக்கும் பழுப்புச் சர்க்கரை போட்ட இஞ்சித் தேநீரை மறுக்காமல் வாங்கிக் குடியுங்கள். வயிறும் குளிராது, மாமியாரும் கொதிக்க மாட்டார்.

கேள்வி: வீட்டிலேயே மாக்ஸா சூடு வைத்துக்கொள்ளலாமா? எந்த இடத்தில்?

பதில்: மாசிபத்திரி இனத்துச் செடியின் காய்ந்த இலையைச் சுருட்டிப் பற்றவைத்து, தோலில் படாமல் காட்டும் சூடு அது. வயிற்றுக் குளிர்ச்சிக்கு முதலில் பார்க்கும் இடம் ஜூசான்லி. முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து நான்கு விரல் அகலம் கீழே இறங்கி, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளிப் பாருங்கள். அழுத்தினால் ஒரு மந்தமான வலி தெரியும். இன்னொன்று தொப்புளுக்கும் மார்பெலும்பின் நுனிக்கும் சரிபாதியில் இருக்கும் ஜோங்வான். தோலிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளிப் பிடித்து, இதமான சூடு பரவும்வரை காட்டினால் போதும். தோல் சிவந்தால் நிறுத்திவிடுங்கள். நீரிழிவால் கால் மரத்திருப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது. சூடு தெரியாது, புண்தான் தெரியும். ஆஸ்துமா உள்ள வீட்டில் அந்தப் புகையும் வேண்டாம். அவர்களுக்கு வெந்நீர்ப் பையே போதும், பாதி பயன் அதிலேயே கிடைத்துவிடும்.

கேள்வி: வயது 58. வாழ்நாள் முழுக்க ஐஸ் தண்ணீர் குடித்தவன். சில மாதங்களாகக் குளிர்ந்தது குடித்தால் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டு வலிக்கிறது. எடையும் குறைந்திருக்கிறது. யாங் குறைந்துவிட்டதென்று ஒரு சிகிச்சையாளர் மூலிகை கொடுத்தார். தொடரலாமா?

பதில்: ஐயா, மூலிகையை ஓரமாக வையுங்கள். இத்தனை ஆண்டுகள் ஒத்துக்கொண்டது இந்த வயதில் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவதும், விழுங்கியது நெஞ்சில் நிற்பதும், எடை குறைவதும் மண்ணீரல் பேச்சில் அடங்காதவை. உணவுக்குழாயின் அடிவாய் திறக்க மறுக்கும் அகலேசியா என்ற நோயில் குளிர்ந்த நீர் அடைப்பை அதிகமாக்கும். அது இல்லையென்றால் அதைவிடக் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. நடக்கும்போதும் அந்த நெஞ்சுவலி வருகிறதென்றால் முதலில் இதயத்துக்கான ஈ.சி.ஜி. எடுங்கள். அது சரியாக இருந்தால் காலம் கடத்தாமல் இரைப்பை குடல் நிபுணரிடம் எண்டோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். மலம் கறுத்துப் போகிறதா, இரவில் வலி எழுப்புகிறதா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். கஞ்சியும் இஞ்சியும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.